முதல் பேட்ச் ஒன்று சொல்கிறது, இரண்டாம் பேட்ச் வேறொன்று சொல்கிறது: கல்லூரியின் ஆரம்ப நாட்களை எப்படித் தொகுப்பது?

நீங்கள் கேட்டதைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், சரியாகப் புரிந்துகொண்டேனா என்று பாருங்கள். கல்லூரி தொடங்கி இருபது ஆண்டு சொச்சம் ஆகிறது. முதல் சில பேட்ச் மாணவர்கள் சேர்ந்து ஆரம்ப நாட்களைப் பற்றி ஒரு நினைவு மலர் கொண்டுவர நினைக்கிறீர்கள். ஆனால் வகுப்புகள் முதலில் எங்கே நடந்தன, நூலகம் எப்போது வந்தது, முதல் ஆண்டு விழா எந்த வருடம் என்று எதைக் கேட்டாலும் ஆளுக்கொரு பதில் வருகிறது. இதில் யாரை நம்புவது என்று கேட்கிறீர்கள். என் பார்வையில் உங்கள் சிக்கல் ஆளைப் பற்றியது இல்லை. மனித நினைவிடம் எதைக் கேட்கலாம், எதைக் கேட்கக்கூடாது, ஒத்துப்போகாத நினைவுகளை அச்சில் எப்படி வைப்பது என்பதுதான் உண்மையான கேள்வி. நிறுவனங்களின் வாய்மொழி வரலாற்றை, அதாவது அங்கே இருந்தவர்கள் நினைவிலிருந்து சொல்வதை, பதிவு செய்வதுதான் பல வருடங்களாக என் வேலை, அதிலும் கல்லூரிகள் அதிகம், அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன். ஒரே வரியில் வேண்டுமென்றால்: தேதியைக் காகிதத்திடம் கேளுங்கள், மற்றதையெல்லாம் மனிதர்களிடம் கேளுங்கள், அதுவும் ஒவ்வொருவரையும் தனித்தனியாக.

முதலில் ஒரு விஷயம். பழைய கல்லூரிக்கும் உங்கள் கல்லூரிக்கும் இதில் பெரிய வித்தியாசம் இருக்கிறது. நூறு வருடக் கல்லூரியில் ஆண்டு மலர்கள் வரிசையாக இருக்கும், பதிவேடுகளுக்கென்று ஓர் அறை இருக்கும், சீனியர்கள் ஜூனியர்களுக்குச் சொல்லிச் சொல்லியே கதைகள் கைமாறி வந்திருக்கும். புதிதாகத் தொடங்கிய கல்லூரியில் இது எதுவும் கிடையாது. நடத்தியவர்களுக்கு அடுத்த செமஸ்டருக்கு ஆசிரியர் கிடைப்பாரா, ஆய்வகக் கருவிகள் வந்து சேருமா என்பதே கவலை, எழுதிவைக்க யாருக்கும் நேரம் இருக்காது. தற்காலிகக் கட்டடத்திலிருந்து சொந்தக் கட்டடத்துக்குப் போகும்போது பழைய பதிவேடுகளில் பாதி காணாமல் போகும். முதல் பேட்ச்சுக்கு சீனியர் என்று யாருமே இல்லை, ஆகவே அவர்கள் செய்ததெல்லாம் அவர்களே உண்டாக்கியது: வரவேற்பு விழா எப்படி இருக்க வேண்டும், எந்த மரத்தடி யாருடைய இடம், ஆசிரியருக்கு என்ன பட்டப்பெயர் எல்லாமே. அது எங்கேயும் எழுதப்படவில்லை. நூறு இருநூறு பேர் தலைக்குள் மட்டும்தான் இருக்கிறது. அதனால்தான் வெள்ளி விழாவுக்கோ பொன்விழாவுக்கோ காத்திருக்க வேண்டாம், இப்போதே தொடங்குங்கள் என்று எல்லோரிடமும் சொல்கிறேன். மாணவர்களுக்கு இன்னும் வயதிருக்கிறது, ஆனால் அன்றைய முதல்வருக்கும் அலுவலகக் கண்காணிப்பாளருக்கும் அப்படிச் சொல்ல முடியாது.

இனி, நினைவைப் பற்றி உறுதியாகச் சொல்லக்கூடியவை. உங்கள் விஷயத்துக்கு மிக நெருக்கமான ஓர் ஆய்வு 1988இல் வெளியானது. டேவிட் பில்மரும் அவருடன் வேலை செய்தவர்களும் அமெரிக்காவில் வெல்லஸ்லி என்ற பெண்கள் கல்லூரியின் பழைய மாணவிகளிடம் அவர்களுடைய முதலாம் ஆண்டைப் பற்றிக் கேட்டார்கள். பட்டம் பெற்று 2 வருடம், 12 வருடம், 22 வருடம் ஆனவர்கள். அவர்கள் சொன்ன நினைவுகள் ஆண்டு முழுவதும் சமமாகப் பரவியிருக்கவில்லை, கல்லூரி திறந்த ஆரம்ப நாட்களைச் சுற்றியே குவிந்திருந்தன. ஆசிரியர், அறைத்தோழி, வழி தெரியாமல் நின்றது என்று எல்லாமே புதிதாக இருந்த நாட்கள் அவை. அதேபோல, நடுத்தர வயதைத் தாண்டியவர்களிடம் வாழ்க்கை நினைவுகளைக் கேட்டால் ஏறத்தாழ 10 வயதிலிருந்து 30 வயதுக்குள் நடந்தவை விகிதத்துக்கு மீறி அதிகமாக வரும் என்பதும் பல ஆய்வுகளில் திரும்பத் திரும்பக் கிடைத்த முடிவு. உங்கள் தொகுப்புக்கு இதிலிருந்து என்ன தெரிகிறது என்றால், சும்மா "உங்கள் நினைவுகளை எழுதி அனுப்புங்கள்" என்று கேட்டால் எண்பது பேரிடமிருந்தும் முதல் நாள் கதைதான் வரும். முதல் நாள், முதல் வகுப்பு, முதல் ராகிங் பயம் (சீனியரே இல்லாத முதல் பேட்ச்சிடமிருந்துகூட இது வரும், கவனித்துப் பாருங்கள்), அப்புறம் நேராகக் கடைசி நாள் பிரிவு விழா. நடுவில் இருந்த மூன்று வருடம் காணாமல் போயிருக்கும். அதை நீங்கள்தான் கேட்டு வாங்க வேண்டும். இரண்டாம் ஆண்டில் ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமை எப்படிப் போகும், எத்தனை மணிக்கு எழுவீர்கள், எதில் ஏறி வருவீர்கள், முதல் பீரியட் முடிந்ததும் எங்கே போய் உட்காருவீர்கள், தண்ணீர் எங்கே பிடிப்பீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். "அதெல்லாம் யாருக்கு ஞாபகம் இருக்கு" என்றுதான் தொடங்குவார்கள், பத்து நிமிடத்தில் கொட்டும்.

தேதி, வருடம் விஷயத்தில் நினைவு பலவீனமானது. நமக்கு நடந்தவை தேதி முத்திரையோடு உள்ளே போவதில்லை, கேட்கும்போது அக்கம்பக்கத்து நிகழ்ச்சிகளை வைத்துக் கணக்குப் போட்டுத்தான் சொல்கிறோம். அந்தக் கணக்கு தவறும். இதற்கு வாய்மொழி வரலாற்றுத் துறையில் எல்லோரும் சொல்லும் ஓர் உதாரணம் இத்தாலியில் தெர்னி என்ற எஃகு ஆலை நகரத்தில் நடந்தது. லூயிஜி திரஸ்துல்லி என்ற இளம் தொழிலாளி 1949 மார்ச்சில், நேட்டோ ஒப்பந்தத்தை எதிர்த்து நடந்த ஊர்வலத்தில் போலீசாரால் கொல்லப்பட்டார். பல வருடம் கழித்து அலெசாந்த்ரோ பொர்த்தெல்லி என்ற ஆய்வாளர் அந்த ஊர்த் தொழிலாளர்களிடம் பேசியபோது, அவர்களில் பலர் அந்தச் சாவு 1953இல் நடந்ததாகச் சொன்னார்கள். 1953 என்பது அந்த ஆலையில் ஆயிரக்கணக்கானோரை வேலையிலிருந்து நீக்கியதை எதிர்த்துத் தெருவில் மோதல் நடந்த வருடம். பொர்த்தெல்லி இதை மறதி என்று ஒதுக்கிவிடவில்லை. தோழனின் சாவுக்கு ஈடாக எதுவும் செய்யாமல் இருந்துவிட்டோம் என்பதை அந்த ஊரால் தாங்க முடியவில்லை, அதனால் அந்தச் சாவைத் தாங்கள் எதிர்த்து நின்ற வருடத்துக்கே நினைவு கொண்டுபோய்விட்டது என்று விளக்கினார். தேதி தப்பு, ஆனால் அந்தத் தப்பு எந்தப் பதிவேட்டிலும் இல்லாத ஒன்றைச் சொல்கிறது.

உங்கள் கல்லூரிக்கு இது ரொம்பவே பொருந்தும். முதல் பேட்ச்சில் பாதிப் பேர் "புதுக் கட்டடத்தில்தான் எங்கள் கடைசி செமஸ்டர் நடந்தது" என்று அடித்துச் சொல்கிறார்கள், பதிவேட்டைப் பார்த்தால் அவர்கள் போன பிறகுதான் அந்தக் கட்டடம் திறந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பதிவேடு சரி, ஆட்கள் தப்பு என்று திருத்திவிட்டு நகர்ந்தால் நல்ல ஒரு கதையை விட்டுவிடுவீர்கள். அவர்கள் ஏன் அந்தக் கட்டடத்துக்குள் தங்களை வைத்துப் பார்க்கிறார்கள்? ஒருவேளை அதற்காகப் போராடியது அவர்கள்தானோ? தகரக் கொட்டகையில் படித்து முடித்தவர்களுக்கு அதில் ஓர் உரிமை வேண்டியிருக்கிறதோ? இதை நீங்களே ஊகித்து எழுதக்கூடாது, அவர்களிடமே திரும்பப் போய்ப் பதிவேட்டைக் காட்டிக் கேட்க வேண்டும். நான் பார்த்தவரை மிக நல்ல பேச்சு அந்த இடத்தில்தான் தொடங்குகிறது. தேதி தெரிந்தே ஆகவேண்டும் என்றால் நேராக வருடத்தைக் கேட்காதீர்கள். அப்போது எந்த செமஸ்டர், கணக்குப் பாடம் யார் எடுத்தார், அது மழைக்காலமா வெயில்காலமா, உங்களுக்கு ஜூனியர்கள் வந்துவிட்டார்களா என்று ஒரு நிகழ்ச்சியோடு இன்னொன்றைக் கோத்துக் கேளுங்கள். எதற்கு முன், எதற்குப் பின் என்பதை வருடத்தைவிட நன்றாகச் சொல்வார்கள்.

அடுத்தது தன்னம்பிக்கை. "நேற்று நடந்த மாதிரி ஞாபகம் இருக்கு" என்று ஒருவர் சொன்னால் நாம் அவர் பக்கம் சாய்ந்துவிடுகிறோம். சாயக்கூடாது. 1986 ஜனவரி 28 அன்று அமெரிக்காவின் சேலஞ்சர் விண்கலம் வெடித்தது. மறுநாள் காலையே உல்ரிக் நைசர் என்ற உளவியலாளர் அந்த நாட்டின் எமரி பல்கலைக்கழக மாணவர்களிடம் அந்தச் செய்தியை எங்கே, யாரிடமிருந்து, என்ன செய்துகொண்டிருந்தபோது கேட்டீர்கள் என்று எழுதி வாங்கிக்கொண்டார். ஏறத்தாழ இரண்டரை வருடம் கழித்து அவரும் நிக்கோல் ஹார்ஷும் அவர்களில் 44 பேரிடம் அதே கேள்வியை மறுபடி கேட்டார்கள். கால்வாசிப் பேர் முக்கியமான விவரங்கள் எல்லாவற்றையுமே மாற்றிச் சொன்னார்கள், அப்படிச் சொன்னவர்களிலும் பலர் மிகுந்த உறுதியோடு சொன்னார்கள். தாங்களே கைப்பட எழுதிய பழைய தாளைக் காட்டியும் அசல் நினைவு திரும்பி வரவில்லை. பொய் சொல்ல அவர்களுக்கு எந்தக் காரணமும் இல்லை. ஆகவே உங்கள் குழுவில் இரண்டு பேர் முறுக்கிக்கொண்டு நிற்கும்போது ஒருவர் பொய் சொல்கிறார் என்று நினைக்க வேண்டியதில்லை, இருவரும் முழு மனதோடு உண்மை என்று நம்பியே பேசுகிறார்கள்.

தப்பு எந்தப் பக்கம் சாயும் என்பதும் ஓரளவு தெரிந்ததுதான். ஹாரி பாரிக்கும் அவர் குழுவும் 1996இல் வெளியிட்ட ஆய்வில் கல்லூரி முதலாண்டு மாணவர்கள் 99 பேரிடம் அவர்களுடைய பள்ளி கிரேடுகளைக் கேட்டு, பள்ளிப் பதிவேட்டோடு ஒப்பிட்டார்கள். மொத்தம் 3,220 கிரேடுகள், அதில் 71 விழுக்காடு சரி. ஏ வாங்கியதை 89 விழுக்காடு சரியாகச் சொன்னவர்கள், டி வாங்கியதை 29 விழுக்காடுதான் சரியாகச் சொன்னார்கள், தவறியவற்றில் பெரும்பாலானவை வாங்கியதைவிட உயர்த்திச் சொன்னவை. இது நேற்று பள்ளி முடித்தவர்களின் கணக்கு. உங்களுடையது இருபது வருடக் கணக்கு. "எங்கள் பேட்ச்சில் எல்லோரும் முதல் தடவையிலேயே தேறினோம்" என்று வந்தால் ரிசல்ட் தாள் கிடைக்கும் வரை அதை அச்சுக்கு அனுப்பாதீர்கள்.

இப்போது நான் மிகவும் வற்புறுத்த விரும்பும் இடத்துக்கு வருகிறேன். உங்களிடம் ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள், அதில் பல மாதமாகப் பழைய கதை ஓடுகிறது என்றும். அன்பாக நடப்பதுதான், நிறுத்தச் சொல்லவில்லை. ஆனால் சான்று என்ற அளவில் நினைவுக்கு அதைவிடச் சேதம் செய்வது வேறில்லை. ஃபியோனா காபர்ட் என்ற ஆய்வாளரும் அவருடன் வேலை செய்தவர்களும் 2003இல் ஒன்று செய்து காட்டினார்கள். ஒரே சம்பவத்தை இரண்டு கோணத்தில் படமெடுத்து, ஜோடியில் ஒருவருக்கு ஒன்றையும் மற்றவருக்கு இன்னொன்றையும் போட்டுக் காட்டினார்கள். ஒரு கோணத்தில் தெரிவது மற்றதில் தெரியாது. அப்புறம் இருவரையும் பேசவிட்டு, பிறகு தனித்தனியாகக் கேட்டார்கள். 71 விழுக்காட்டினர் தாங்கள் பார்த்திருக்கவே முடியாத ஏதோ ஒரு விவரமாவது பார்த்ததாகச் சொன்னார்கள். ஜோடிக்காரர் சொன்னது அவர்கள் நினைவுக்குள் போய்விட்டது. ஒருமுறை பேசியதற்கே இப்படி. நாற்பது பேர் ஆறு மாதம் பேசிய கதை எப்படி இருக்கும் என்று பாருங்கள். "இருபது பேர் ஒரே மாதிரி சொல்கிறார்கள், அதனால் உண்மை" என்று நீங்கள் நினைப்பது, நன்றாகப் பேசத் தெரிந்த ஒருவர் போட்ட ஒரு நீளமான வாய்ஸ் மெசேஜாக இருக்கலாம்.

இன்னொன்றும் இருக்கிறது. கூட்டமாக உட்கார்ந்தால் ஒருவர் ஒன்றைச் சொல்ல மற்றவருக்கு இன்னொன்று ஞாபகம் வரும், அதனால் மொத்தமாக அதிகம் கிடைக்கும் என்று நினைக்கிறோம். மேரி சூசன் வெல்டனும் கிரிஸ்டல் பெலிஞ்சரும் 1997இல் சோதித்தபோது நேர்மாறாக வந்தது: சேர்ந்து நினைவுகூரும் குழுவைவிட, அதே எண்ணிக்கையில் தனித்தனியாக நினைவுகூர்ந்தவர்களின் பதில்களைச் சேர்த்தால் அதிகம் தேறுகிறது. ஒருவர் சொல்லிக்கொண்டு போகும் வரிசை மற்றவர் மனதில் இருந்த வரிசையைக் கலைத்துவிடுகிறது என்பது இதற்குச் சொல்லப்படும் விளக்கம். எனவே முறை இதுதான்: முதலில் ஒவ்வொருவரும் யாரிடமும் பேசாமல் எழுதட்டும், அல்லது நீங்கள் தனியாகப் பேசிப் பதிவு செய்யுங்கள். அதெல்லாம் கைக்கு வந்த பிறகு எல்லோரையும் ஒன்றாக உட்கார வையுங்கள், அந்தக் கூட்டத்தையும் தனியாகப் பதிவு செய்யுங்கள். சந்திப்பு விழாவில் ஆரம்பித்தால் அதன் பிறகு தனி நினைவு என்று ஒன்று கிடைக்காது. ஏற்கெனவே பேசித் தீர்த்தவர்களிடம் ஒவ்வொரு முக்கியச் சம்பவத்துக்கும் ஒரே ஒரு கேள்வியைச் சேர்த்துக் கேளுங்கள்: நீங்கள் அங்கே இருந்தீர்களா, யாராவது சொல்லிக் கேட்டதா, எப்போது கேட்டது? கொஞ்சம் யோசித்து, "இல்லப்பா, அவன் சொல்லித்தான் தெரியும்" என்று நேர்மையாகச் சொல்பவர்கள் நிறைய.

புகைப்படங்களை என்ன செய்வது என்றும் கேட்டிருந்தீர்கள். இதில் நல்ல செய்தி. பாரிக் 1975இல் வெளியிட்ட இன்னோர் ஆய்வு, பள்ளி முடித்துச் சில மாதமே ஆனவர்களிலிருந்து ஏறத்தாழ அரை நூற்றாண்டு ஆனவர்கள் வரை 392 பேரை எடுத்துக்கொண்டது. வகுப்புத் தோழர்களின் பெயர்களைச் சும்மா நினைவிலிருந்து பட்டியல் போடச் சொன்னால் கொஞ்சம்தான் வந்தது. ஆனால் பழைய படங்களிலிருந்து தெரிந்த முகத்தை எடுக்கச் சொன்னபோது முப்பது வருடத்துக்கு மேல் ஆனவர்களும் பத்தில் ஒன்பதைச் சரியாக எடுத்தார்கள். ஆகவே "உங்கள் வகுப்பில் யார் யார் இருந்தார்கள்" என்று வெறுமனே கேட்காதீர்கள், குரூப் போட்டோவை மேசையில் வைத்துவிட்டுக் கேளுங்கள், வருகைப் பதிவேட்டுப் பெயர் வரிசையையும் பக்கத்தில் வையுங்கள். ஆனால் படத்தைப் பேட்டியின் முதல் பாதியில் காட்ட வேண்டாம், ஏனென்றால் காட்டிய பிறகு அவர் சொல்வது படத்தில் இருப்பதா நினைவில் இருப்பதா என்று பிரிக்க முடியாது. படங்களை வாட்ஸ்அப்பில் வாங்காதீர்கள். சாதாரணமாக அனுப்பினால் அது சுருக்கிவிடும், எடுத்த தேதி போன்ற உள்விவரங்களும் போய்விடும். மின்னஞ்சலிலோ டிரைவிலோ அசல் கோப்பாக வாங்குங்கள். அச்சுப் படங்களை 600 டிபிஐயில் ஸ்கேன் செய்யுங்கள், பின்பக்கத்தையும் சேர்த்து, ஏனென்றால் ஸ்டூடியோ முத்திரையும் பேனாவில் எழுதிய பெயர்களும் அங்கேதான் இருக்கும். அந்தக் கால டிஜிட்டல் கேமராக்களில் தேதியை யாரும் சரியாக வைத்ததில்லை, படத்தின் மூலையில் 01.01 என்று ஏதாவது வருடத்தோடு இருந்தால் அதை நம்பவேண்டாம்.

காகிதங்களைப் பொறுத்தவரை அலுவலகத்தில் கிடைக்காதவை மாணவர்கள் வீட்டு அலமாரியில் கிடைக்கும்: ஹால் டிக்கெட், கட்டண ரசீது, அடையாள அட்டை, நூலக அட்டை, பஸ் பாஸ், மாற்றுச் சான்றிதழின் நகல், விழா அழைப்பிதழ். தேதிக்கு இவைதான் ஆதாரம். வெப்பத்தாளில் அச்சான ரசீதுகள் மங்கிக்கொண்டே போகும், உடனே படமெடுத்து வையுங்கள். உங்கள் காலத்து மாணவர்கள் பேசிக்கொண்டது நிறைய ஆர்குட்டிலும் யாஹூ குழுக்களிலும் இருந்திருக்கும். ஆர்குட் 2014இல் மூடப்பட்டது, யாஹூ குழுக்கள் 2020இல் மூடப்பட்டன, இரண்டும் போய்விட்டன. ஆனால் குழு மடல்கள் யாராவது ஒருவரின் பழைய இன்பாக்ஸில் இன்னும் கிடக்கலாம், தேடச் சொல்லுங்கள். கல்லூரியின் முதல் இணையதளத்தை, பழைய இணையப் பக்கங்களைச் சேமித்து வைக்கும் இன்டர்நெட் ஆர்க்கைவின் வேபேக் மெஷினில் போய்ப் பாருங்கள். அங்கே கிடைத்தால் எந்த நாளில் அந்தப் பக்கம் எப்படி இருந்தது என்று தேதியோடு கிடைக்கும். பழைய சிடிக்களில் இருப்பதை இந்த மாதமே பிரதி எடுங்கள், அவை கெடுபவை.

காகிதமும் எல்லா விஷயத்திலும் சாட்சி ஆகாது என்பதையும் சொல்ல வேண்டும். தேர்வு எந்த நாள் நடந்தது என்பதற்கு ஹால் டிக்கெட் போதும், அதில் சந்தேகமில்லை. ஆனால் பல்கலைக்கழக இணைப்புக்கான விண்ணப்பத்திலும் ஆய்வுக் குழுவுக்குக் கொடுத்த அறிக்கையிலும் இருக்கும் நூல்களின் எண்ணிக்கை, கருவிகளின் பட்டியல், ஆசிரியர் எண்ணிக்கை எல்லாம் அனுமதி வாங்குவதற்காக எழுதப்பட்டவை. அவை பொய் என்று சொல்லவில்லை, எழுதியவருக்கு ஒரு நோக்கம் இருந்தது என்கிறேன். அந்த நூலகத்தில் உட்கார்ந்து படித்தவர் "மூன்று அலமாரி இருந்தது, ஒன்று எப்போதும் பூட்டியே இருக்கும்" என்று சொன்னால், தேதிக்குக் காகிதத்தை நம்பிய நீங்கள் இதற்கு அவரை நம்புங்கள், குறைந்தது இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள்.

யாரிடம் கேட்பது என்பதைப் பற்றி நீங்கள் எழுதவே இல்லை. எனக்கு அதுதான் கவலை. நினைவு மலருக்கு எழுதித் தருபவர்கள் யார் என்று பார்த்தால் எப்போதும் நன்றாகப் படித்தவர்கள், மேடையில் நின்றவர்கள், இன்று நல்ல நிலையில் இருப்பவர்கள். பாதியில் படிப்பை விட்டுப் போனவர் எழுதமாட்டார், அவரை யாரும் கேட்கவும் மாட்டார்கள், வாட்ஸ்அப் குழுவில்கூட இருக்கமாட்டார். ஆனால் ஆரம்ப நாட்களில் அந்தக் கல்லூரி எவ்வளவு நிச்சயமில்லாமல் இருந்தது என்பதை அவரைவிட நன்றாகச் சொல்ல யாருண்டு? அதேபோல மாணவிகள். ஒரே வளாகத்தில் அவர்களுக்கு வேறு வரைபடம் இருந்திருக்கும்: எங்கே உட்காரலாம், எத்தனை மணிக்கு மேல் நூலகத்தில் இருக்க முடியாது, கழிப்பறை எப்போது வந்தது. புதிய கல்லூரிகளில் அந்தக் கடைசிக் கேள்வி ஒன்றே ஒரு முழு அத்தியாயம், அதை ஆண்கள் யாரும் சொல்லமாட்டார்கள், அவர்களுக்குத் தெரிந்திருக்காது. அப்புறம் அலுவலக உதவியாளர், ஆய்வகப் பணியாளர், பேருந்து ஓட்டுநர், விடுதிச் சமையலர், காவலாளி. மாணவர் நான்கு வருடத்தில் போய்விடுவார், இவர்கள் பதினைந்து வருடம் இருந்து எல்லா பேட்ச்சையும் பார்த்தவர்கள். முதல் இரண்டு வருடம் பாடம் நடத்திய இளம் ஆசிரியர்களையும் விடாதீர்கள். மாணவரைவிட நாலைந்து வயதுதான் கூட இருந்திருக்கும், அவர்களுக்கும் அது முதல் வேலை, பலர் வேறு ஊருக்குப் போயிருப்பார்கள், கல்லூரியின் பழைய மாணவர் பட்டியலிலும் ஆசிரியர் பட்டியலிலும் இரண்டிலும் அவர்கள் பெயர் இருக்காது.

பேட்டி எடுக்கும் முறையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒரு தடவைக்கு ஒன்றிலிருந்து ஒன்றரை மணி நேரம் போதும், அதற்கு மேல் இருவருக்குமே களைப்பு. "கேன்டீன் ரொம்ப மோசமாக இருந்ததாமே?" என்று கேட்டால் ஆமாம் என்றுதான் வரும், "சாப்பாட்டுக்கு என்ன செய்வீர்கள்?" என்று கேளுங்கள். பதில் முடிந்ததும் அடுத்த கேள்விக்குத் தாவாமல் சற்றுப் பொறுங்கள், பெரும்பாலும் அந்த இடைவெளியில்தான் விஷயம் வரும். போனிலேயே பதிவு செய்யலாம், ஆனால் சுருக்காத வேவ் கோப்பாகப் பதிவாகும்படி வைத்து, மூன்று பிரதி, அதில் ஒன்று வேறு இடத்தில். ஒரு மணி நேரப் பேச்சை எழுத்தில் இறக்க நாலைந்து மணி நேரமாவது பிடிக்கும், அதைக் கணக்கில் வைத்து ஆட்களைப் பிரியுங்கள். பதிவுக்கு முன்பே எழுத்தில் ஒப்புதல் வாங்குங்கள்: எங்கே பயன்படுத்தலாம், பெயர் போடலாமா, எந்தப் பகுதியை இப்போதைக்கு மூடி வைக்க வேண்டும் என்று. அமெரிக்காவில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஆலன் நெவின்ஸ் 1948இல் இந்த வேலையை ஒரு துறையாகத் தொடங்கிய காலத்திலிருந்தே, பேசியவர் தன் பேச்சின் சில பகுதிகளைக் குறிப்பிட்ட காலம் வரை மூடி வைக்கும் வழக்கம் இருக்கிறது. அந்த உரிமை உண்டு என்று சொன்னாலே பலர் மனம் விட்டுப் பேசுகிறார்கள்.

சந்தேகமானவற்றையும் சொல்லிவிட வேண்டும். மேலே சொன்ன ஆய்வுகளில் பெரும்பாலானவை அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் நடந்தவை, பாதிக்கு மேல் மாணவர்களை வைத்து, அதிலும் சில படம் போட்டுக் காட்டி அன்றே கேட்டவை. நினைவு கலையும், தேதி தவறும், பேச்சு ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை, என் வேலையிலும் தினம் பார்ப்பது. ஆனால் அந்த விழுக்காடுகளை எடுத்து "உங்கள் பேட்ச்சில் 71 விழுக்காடு பேர் தப்பு" என்று யாராவது சொன்னால் அது அபத்தம். ஒரு குறிப்பிட்ட ஆளின் குறிப்பிட்ட நினைவு சரியா தவறா என்று எந்த ஆய்வும் சொல்லாது, வெளி ஆதாரம் ஒன்றுதான் சொல்லும், அது இல்லாத இடத்தில் யார் சொன்னது என்று பெயர் போட்டு நிறுத்திக்கொள்வதுதான் நேர்மை. "நாங்கள் எல்லோரும் ஒரே குடும்பம் மாதிரி இருந்தோம்" என்பதும் அப்படித்தான். ஏறக்குறைய எல்லாப் புதிய கல்லூரியின் முதல் பேட்ச்சும் இதைச் சொல்கிறது. ஆள் குறைவு, வசதி குறைவு, ஆசிரியருக்கும் மாணவருக்கும் வயது வித்தியாசம் குறைவு, ஆகவே உண்மையாக இருக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது. இருந்தாலும் விட்டுப் போனவரிடமும் காவலாளியிடமும் அதே கேள்வியைக் கேட்டுவிட்டு எழுதுங்கள்.

அச்சில் முரண்பாட்டை எப்படி வைப்பது என்பதற்கு என் பதில்: மறைக்காதீர்கள். "முதல் ஆண்டு விழா திறந்தவெளியில் நடந்தது என்று முதல் பேட்ச்சைச் சேர்ந்த மூவர் சொல்கிறார்கள், கொட்டகைக்குள் என்று இருவர் சொல்கிறார்கள், அழைப்பிதழில் இடம் குறிப்பிடவில்லை" என்று அப்படியே போடுங்கள். படிப்பவர்களில் யாரோ ஒருவர் வீட்டில் அந்த நாளின் படம் இருக்கும், அடுத்த பதிப்புக்குள் கொண்டுவந்து தருவார். பேச்சை இலக்கணமாக்கித் தேய்த்துவிடாதீர்கள், திரும்பத் திரும்ப வரும் சொற்களை நீக்கலாம், ஆளின் குரல் போய்விடக்கூடாது. நிர்வாகத்தின் மேலோ தனி ஆளின் மேலோ குற்றச்சாட்டு வரும் இடங்களில் மட்டும் என் அனுபவம் போதாது. அவதூறுச் சட்டமும் தனியுரிமையும் தெரிந்த ஒரு வழக்கறிஞரிடம் காட்டாமல் அச்சிட வேண்டாம், அதேசமயம் அச்சிட முடியாது என்பதற்காகப் பதிவை அழிக்கவும் வேண்டாம், ஒப்புதலோடு மூடி வைத்தால் போதும்.

எங்கே தொடங்குவது என்று தடுமாற வேண்டாம். இந்த வாரம் குழுவில் ஒரு செய்தி போடுங்கள்: இன்னும் ஒரு மாதத்துக்கு ஆரம்ப நாட்களைப் பற்றிப் புதிதாக எதையும் இங்கே எழுதாதீர்கள், ஒவ்வொருவரும் நான்கு பக்கம் தனியாக எழுதி அனுப்புங்கள் என்று. அந்த மாதத்தில் நீங்களும் இன்னொருவருமாகப் போய், அன்று அலுவலகத்தில் வேலை பார்த்தவர்களில் மிக மூத்தவரைச் சந்தித்துவிடுங்கள். முதல் சேர்க்கைப் பதிவேட்டை எழுதியது அவராக இருந்தால் ஒரு தடவை போதாது, அடுத்த வாரத்துக்கும் நேரம் கேட்டுக்கொண்டு வாருங்கள்.